வைரமே இல்லாத கிம்பர்லைட் குழாய்க்கு நிலவியலில் என்ன மதிப்பு?

பாறைவாசகன்:

கிம்பர்லைட் என்பது புவியின் பெரும் ஆழத்திலிருந்து குழம்பாக மேலெழுந்து உறைந்த, சில வேளைகளில் வைரத்தைச் சுமந்துவரும் பாறை. அதைப் பற்றிப் பொதுவாக எழுதப்படுபவை வைரத்தில் தொடங்கி வைரத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் உலகில் இதுவரை கண்டறியப்பட்டுள்ள ஆயிரக்கணக்கான கிம்பர்லைட் குழாய்களிலும் டைக்குகளிலும் பெரும்பாலானவற்றில் வைரம் இல்லை; இருந்தாலும் தோண்டியெடுக்கக் கட்டுப்படியாகும் அளவில் இல்லை. சுரங்க நிறுவனங்கள் அவற்றைக் கைகழுவிவிட்டுப் போய்விடுகின்றன. நிலவியலாளர்களோ அதே குழாய்களைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பரப்பளவிலும் இவை அற்பமானவை. மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் டான்சானியாவின் ம்வாடூய் குழாயே 146 ஹெக்டேர்தான். பெரும்பாலானவை ஒரு சில ஹெக்டேர்களைத் தாண்டுவதில்லை. இவ்வளவு சிறிய, இவ்வளவு அரிதான ஓர் ஊடுருவலுக்குப் புவியின் வரலாற்றில் இத்தனை முக்கியத்துவம் தரப்படுவது நியாயந்தானா என்பதே என் கேள்வி.

கூடவே ஒரு சிறு ஐயம். இதைச் சிலர் எரிமலைப் பாறை என்கிறார்கள், சிலர் ஊடுருவல் பாறை என்கிறார்கள். எது சரி?

மென்சீவல்:

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே சரி. மேலெழும் பாறைக்குழம்பு பிளவுகளுக்குள்ளேயே உறைந்துவிட்டால் அது டைக், அதாவது ஊடுருவல். அகலம் பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான் இருக்கும். அதே குழம்பு மேற்பரப்பை நெருங்கும்போது அதிலுள்ள கார்பன் டைஆக்சைடும் நீராவியும் விரிந்து வெடித்தால், சுற்றியுள்ள பாறையை நொறுக்கிக்கொண்டு, கேரட் வடிவத்தில் கீழ்நோக்கிக் குறுகும் ஒரு குழாய் உருவாகிறது. அதன் உச்சியில் ஓர் எரிமலை வாய் இருந்திருக்கும். பெரும்பாலான இடங்களில் அந்த வாய்ப்பகுதி எப்போதோ அரித்துச் செல்லப்பட்டுவிட்டதால், நாம் காண்பது எரிமலையின் அடிவயிற்றை மட்டுமே. டான்சானியாவின் இக்விசி குன்றுகள் இதற்கு விலக்கு. அவற்றின் வயது சுமார் 12,000 ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டுள்ளது. எரிமலைக் கூம்பும் எரிமலைக் குழம்புப் பரப்பும் அங்கே இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. கிம்பர்லைட் வெடிப்பை நேரில் பார்த்து எழுதிவைத்த மனிதர் எவருமில்லை.

இப்போது முதல் கேள்வி. சிதையாத கிம்பர்லைட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீலங்கலந்த சாம்பல்நிற நுண்பரலுக்குள், மூலைகள் மழுங்கிய ஒலிவின் கனிம மணிகள் செறிந்திருக்கும். பெரும்பாலும் அவை நீர்பட்டுச் செர்பென்டைன் என்ற கனிமமாக மாறி மங்கிப்போயிருக்கும். இடையிடையே மதுச்சிவப்பில் பைரோப் கார்னெட், உலோகப் பளபளப்போடு இல்மனைட், சில வேளைகளில் பச்சைநிற டயாப்சைடு ஆகியவை தென்படும். அந்தக் கார்னெட்டை உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால், அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு கருமையான பட்டை இருக்கும். கெலிஃபைட் எனப்படும் இந்தப் பட்டை, ஆழத்தில் நிலையாக இருந்த கார்னெட் அழுத்தம் குறைந்ததும் விளிம்பிலிருந்து சிதையத் தொடங்கியதையும், அந்தச் சிதைவு நடுப்பகுதியை எட்டுவதற்குள் பாறை குளிர்ந்துவிட்டதையும் காட்டுகிறது. ஒரு மணிக்கல்லின் விளிம்பிலேயே ஏற்றத்தின் வேகம் பதிவாகியிருக்கிறது. 150 கிலோமீட்டருக்கும் கீழிருந்து மேற்பரப்புக்கு வர இந்தக் குழம்புக்கு ஆன நேரம் சில மணிகள் முதல் சில நாள்கள் வரைதான் என்பது பொதுவான கணிப்பு.

அந்த வேகந்தான் இதன் மதிப்புக்கு அடிப்படை. கவசத்திலிருந்து (மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறைப் பகுதி) பிய்த்தெடுத்த பாறைத் துண்டுகளை, அதாவது செனோலித்துகளை, உருகவும் விடாமல், வழியில் மூழ்கவும் விடாமல் இது மேலே கொண்டுவந்துவிடுகிறது. மனிதன் துளையிட்ட மிக ஆழமான துளையான ரஷ்யாவின் கோலா துளை 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. கண்டத்தின் மேலோட்டையே அது தாண்டவில்லை. பத்து மடங்குக்கும் மேலான ஆழத்திலிருந்து நமக்குக் கல்லைக் கையில் தருவது கிம்பர்லைட்டும் அதன் உறவுக்காரப் பாறைகள் சிலவுந்தான்.

கவசவியல்:

மென்சீவல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். துண்டு கிடைப்பது மட்டுமல்ல, அது எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பதையும் அந்தத் துண்டே சொல்லிவிடுகிறது. ஒரே துண்டில் அருகருகே இருக்கும் கார்னெட்டும் பைராக்சீனும் தங்களுக்குள் அலுமினியம், கால்சியம், இரும்பு, மக்னீசியம் ஆகியவற்றை எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொண்டுள்ளன என்பதை அளந்தால், அவை சமநிலையில் இருந்த வெப்பநிலையும் அழுத்தமும் கிடைக்கும். அழுத்தம் தெரிந்தால் ஆழம் தெரியும். ஒரே குழாயிலிருந்து இப்படிப் பல துண்டுகளை அளந்து வரைபடத்தில் குறித்தால், அந்த எரிமலை வெடித்த காலத்தில் அந்தக் கண்டத்துக்கு அடியில் வெப்பநிலை ஆழத்தோடு எப்படி ஏறியது என்ற கோடு வந்துவிடுகிறது. நில அதிர்வு அலைகள் நமக்கு இன்றைய நிலையை மட்டுமே காட்டும். கிம்பர்லைட் காட்டுவது கடந்தகாலத்தை, அதுவும் தேதியோடு. ஏனென்றால் அதிலுள்ள பெராவ்ஸ்கைட் கனிமத்தை யுரேனியம்-ஈயம் முறையில் வயது கணிக்க முடியும்.

இதன் பயனுக்கு வட சீனாவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே மெங்யின், ஃபூசியன் பகுதிகளிலுள்ள கிம்பர்லைட்டுகள் ஏறத்தாழ 47 முதல் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்தவை. அவை கொண்டுவந்த வைரங்களும் கார்னெட்டுகளும், அக்காலத்தில் அங்கிருந்த கற்கோளம் (மேலோடும் கவசத்தின் உறுதியான மேற்பகுதியும் சேர்ந்தது) ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தடிமனும் குளிர்ச்சியும் உடையதாக இருந்ததைக் காட்டுகின்றன. பிற்காலத்தில் அதே நிலப்பகுதியில் வெளிவந்த பசால்ட்டுகளிலுள்ள கவசத் துண்டுகளோ 80 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிய, சூடான கற்கோளத்தைக் காட்டுகின்றன. கண்டங்களின் பழமையான வேர்கள், அதாவது அவற்றின் அடியிலுள்ள தடித்த கற்கோளப் பகுதிகள், அழியாதவை என்றே வெகுகாலம் நம்பப்பட்டுவந்தது. ஒரு கண்டத்தின் வேரில் பாதிக்குமேல் தொலைந்துபோகலாம் என்ற முடிவுக்கு, ஒன்றிரண்டு சதுர கிலோமீட்டர் பரப்புகூட இல்லாத அந்தச் சிறு ஊடுருவல்கள் இல்லாமல் வந்திருக்கவே முடியாது.

பாறைவாசகன் கேட்டது வைரமில்லாத குழாயைப் பற்றித்தான் என்றாலும், வைரம் குறித்த ஒரு செய்தியை விட்டுவிட மனமில்லை. தென் ஆப்பிரிக்காவின் கிம்பர்லி, ஃபின்ஷ் சுரங்கங்களின் வைரங்களுக்குள் சிக்கியிருந்த கார்னெட்டுகளை 1984இல் ஆராய்ந்தபோது அவற்றின் வயது 320 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று தெரிந்தது. கிம்பர்லியில் அவற்றைச் சுமந்துவந்த குழாய்க்கு வயது 9 கோடி ஆண்டுகள்தான். நகைக்கடைக்குப் பயன்படாத, உள்ளே அழுக்கு சிக்கிய கல்லே இந்தத் துறையில் விலைமதிப்பற்றது.

ஆழ்துளை:

உங்கள் உற்சாகத்தைக் குலைப்பது என் நோக்கமல்ல. ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இந்தத் துண்டுகள் கவசத்தின் நடுநிலையான மாதிரிகள் அல்ல. பாறைக்குழம்பு ஏற்கெனவே பலமுறை பிளந்து, திரவங்கள் ஊறி, வேதிமாற்றம் அடைந்த வழியாகத்தான் மேலெழுகிறது. அந்த வழியின் சுவரிலிருந்து பிய்ந்த துண்டில் ஃப்ளோகோபைட் மைக்காவும் கார்பனேட்டும் மிகுந்திருந்தால், அது கவசம் முழுவதற்கும் உள்ள இயல்பா, அந்தச் சுவரில் மட்டும் ஏற்பட்ட மாற்றமா என்று பிரித்துச் சொல்வது கடினம். மேலும் ஒரு குழாய் என்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள கண்டத்தில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு முழுப் பரப்பையும் வரைவதில் உள்ள துணிச்சல் எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது, அந்தக் குழம்பின் மூல வேதியமைப்பே இன்னும் தீர்க்கப்படாத வழக்கு. நம் கைக்கு வரும் பாறையில் பாதிவரை கவசத்திலிருந்து வந்த அந்நிய ஒலிவின்; மீதியில் பெரும்பகுதி பின்னாளில் நீர்பட்டுச் செர்பென்டைனாக மாறியது; ஆவியாகக்கூடிய பொருள்களோ வெடிப்பிலேயே போய்விட்டன. இந்தக் கலவையை அப்படியே அரைத்துப் பகுப்பாய்வு செய்துவிட்டு, "கிம்பர்லைட் குழம்பின் வேதியமைப்பு இதுதான்" என்று எழுதிய கட்டுரைகள் ஒன்றிரண்டல்ல.

மென்சீவல்:

இரண்டாவது எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் சைபீரியாவின் உதாச்னயா குழாயைப் பற்றி இவ்வளவு வாதம் நடக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில் செர்பென்டைனாக மாறாத, புத்தம்புதிதான கிம்பர்லைட் கிடைத்தது. அதில் சோடியமும் குளோரினும் நிறைந்த கார்பனேட்டுகளும் குளோரைடுகளும் இருந்தன. மூலக்குழம்பே அப்படிப்பட்டதுதான், மற்ற இடங்களில் நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது என்பது ஒரு தரப்பு. அந்தக் குழாய் துளைத்துவந்த சைபீரியப் படிவுகளில் உப்புப் பாறைகள் தாராளமாக இருப்பதால், அந்த உப்பு வழியில் ஒட்டிக்கொண்டது என்பது மறுதரப்பு. என் சாய்வு இரண்டாவது தரப்புக்கே. உப்பு அடுக்குகளே இல்லாத வேறொரு நிலப்பகுதியில் இதேபோன்ற சிதையாத பாறை கிடைத்து அதிலும் குளோரைடு இருக்கும்வரை அந்தச் சாய்வு மாறாது.

ஆனால் அந்நிய ஒலிவின் மிகுந்திருப்பதே ஒரு தடயமாகவும் மாறியிருப்பதை மறக்கக்கூடாது. கவசப் பாறையில் ஒலிவினோடு, பைராக்சீன் வகையான ஆர்த்தோபைராக்சீனும் கணிசமாக இருக்கும். கிம்பர்லைட்டில் ஒலிவின் மணிகள் குவிந்திருக்க, ஆர்த்தோபைராக்சீனைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. கார்பனேட் மிகுந்த குழம்பு ஆர்த்தோபைராக்சீனைக் கரைத்துக்கொள்கிறது. அதனால் குழம்பில் சிலிக்கா கூடுகிறது. சிலிக்கா கூடக் கூடக் கார்பன் டைஆக்சைடைக் கரைத்துவைத்திருக்கும் திறன் குறைந்து, வாயு பிரிகிறது. குழம்பின் அடர்த்தி குறைந்து ஏற்றம் வேகம் பிடிக்கிறது. வேகம் கூடினால் இன்னும் அதிகத் துண்டுகள் பிய்கின்றன. சுமையே எரிபொருளாகும் இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பிடித்திருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதும் தெரியும்.

படிவுக்காரர்:

கீழிருந்து வந்தவற்றைப் பற்றியே அனைவரும் பேசுகிறீர்கள். மேலிருந்து விழுந்தவற்றைப் பற்றியும் பேசவேண்டும். என் பார்வையில், வைரமில்லாத குழாயின் மதிப்பு முழுமையாகத் தெரிவது அங்கேதான்.

வெடிப்பு நடக்கும்போது குழாயின் சுவர்களும் உச்சியில் இருந்த அடுக்குகளும் இடிந்து உள்ளே விழுகின்றன. சில துண்டுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் கீழிறங்கிப் புதைகின்றன. பின்னர் மேற்பரப்பு முழுவதும் அரித்துச் செல்லப்பட்டாலும், குழாய்க்குள் விழுந்தவை பத்திரமாக இருக்கும். கனடாவின் வடமேற்கில், ஸ்லேவ் கிராட்டனின் (கிராட்டன் என்பது கண்டத்தின் பழைய, அசையாத பகுதி) மேல் இன்று நடந்து சென்றால் வெறும் கிரானைட்டும் நைஸுமே தென்படும். சுண்ணாம்புக்கல் எதுவும் கிடையாது. ஆனால் சுமார் 17.2 கோடி ஆண்டுகள் வயதுள்ள ஜெரிக்கோ கிம்பர்லைட்டுக்குள் டெவோனியன் காலத்துச் (சுமார் 42 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்) சுண்ணாம்புக்கல் துண்டுகள், கோனோடான்ட் எனப்படும் பழங்காலக் கடலுயிரிகளின் பல் போன்ற நுண்புதைபடிவங்களோடு கிடைத்தன. ஆகவே டெவோனியன் காலத்தில் அந்தக் கிராட்டனின் நடுப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற படிவு ஜுராசிக் காலம்வரை அங்கே இருந்தது. அதற்குப் பிறகுதான் அரித்துப்போனது. ஒரு கடலின் வருகையையும் ஒரு படிவின் மறைவையும் காட்டும் வேறு சான்று எதுவும் அந்த நிலத்தின் மேற்பரப்பில் எஞ்சவில்லை. கோனோடான்ட்டுகள் சூடேறச் சூடேற நிறம் மாறுபவை என்பதால், அந்தப் படிவு எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது என்பதற்கும் அவற்றிடம் குறிப்பு உண்டு.

அதே வட்டாரத்தில் ஏகாட்டி சுரங்கத்தின் பாண்டா குழாயில் கிடைத்த மரத்துண்டு இன்னும் வியப்பானது. 300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கிம்பர்லைட்டுக்குள் புதைந்திருந்த அந்தத் துண்டு மெட்டாசெகோயா என்ற ஊசியிலை மர வகை. வயது சுமார் 5.3 கோடி ஆண்டுகள். அது கல்லாக மாறவில்லை. செல்லுலோஸ் அப்படியே இருந்ததால் அதிலுள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்து, அக்காலத்து வெப்பநிலையையும் மழையளவையும் கணிக்க முடிந்தது. இன்று மரமே வளராத அந்தத் தூந்திர நிலம், அன்று பன்னிரண்டு டிகிரிக்கும் மேலாக வெப்பமாகவும், பல மடங்கு ஈரமாகவும் இருந்திருக்கிறது. கொதிக்கும் எரிமலைப் பொருளுக்குள் விழுந்த மரம் கருகாமல் இருந்ததை வைத்து, குழாயை நிரப்பிய பொருள் விழும்போதே கணிசமாகக் குளிர்ந்திருந்தது என்றும் ஊகிக்கலாம். எரிமலை இயக்கத்தைப் பற்றிய செய்தி அது. போட்ஸ்வானாவின் ஒராபாவில் எரிமலை வாயில் பிறகு தேங்கிய ஏரியின் களிமண் அடுக்குகளில் கிரெட்டேசியஸ் காலப் பூச்சிகளும் தாவரங்களும் கிடைத்துள்ளன. பழமையான கிராட்டன்கள் பொதுவாக அரிப்பு நிலங்கள்; படிவு சேராத இடங்கள். அங்கே இவ்வாறு சேமித்துவைக்கும் குழிகள் மிக அரிது.

ஆழ்துளை சொன்ன "ஒரே ஒரு கோடு" என்ற குறைக்கு இது ஓரளவு மறுமொழியும் ஆகும். வெவ்வேறு வயதுடைய பல குழாய்கள் ஒரே கிராட்டனில் இருந்தால், எந்தக் குழாயில் எந்த அடுக்கின் துண்டு இருக்கிறது, எதில் இல்லை என்று ஒப்பிட்டு, அரிப்பு எப்போது எவ்வளவு நடந்தது என்று படிப்படியாகக் கணக்கிட முடிகிறது. இதற்கு வைரம் தேவையே இல்லை.

பாறைவாசகன்:

மிக்க நன்றி. மேலிருந்து விழுந்தவற்றை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இனி காரணத்துக்கு வரலாம். இவை ஏன் கண்டங்களின் பழைய, அசையாத பகுதிகளில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட சில காலங்களில் கொத்தாக வெடிக்கின்றன?

கவசவியல்:

ஒரே விடை இல்லை. இரண்டு வலுவான விடைகள் இருக்கின்றன, அவை ஒன்றையொன்று முழுவதும் மறுப்பனவும் அல்ல.

2010இல் வெளியான ஓர் ஆய்வில், கண்டங்களை அவற்றின் பழைய இடங்களுக்கு நகர்த்திவைத்துப் பார்த்தபோது, கடந்த 32 கோடி ஆண்டுகளில் வெடித்த கிம்பர்லைட்டுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக்குக்கும் அடியில் புவிக்கருவின் எல்லையில் உள்ள, நில அதிர்வு அலைகள் மெதுவாகச் செல்லும் இரண்டு பெரும் தாழ்வேகப் பகுதிகளின் விளிம்புக்கு நேர்மேலே அமைந்தன. அங்கிருந்து எழும் வெப்பத்தூண்களே காரணம் என்பது அந்த விளக்கம். கனடாவின் மேற்குப் பகுதிக் குழாய்கள் இதற்குள் அடங்கவில்லை. 2023இல் வந்த மற்றோர் ஆய்வு வேறு திசையில் சென்றது. கண்டங்கள் பிளந்து ஏறத்தாழ 2 முதல் 3 கோடி ஆண்டுகள் கழித்துக் கிம்பர்லைட் வெடிப்புகள் உச்சத்தை அடைகின்றன. பிளவின் விளிம்பில் தொடங்கும் கவசக் கலக்கம் கண்டத்தின் வேர்களை அடியிலிருந்து சிறிது சிறிதாகச் சிதைத்தபடி உட்பகுதிக்கு நகர்கிறது என்று அது கணித்தது. வெடிப்புகள் காலப்போக்கில் உள்நோக்கி நகர்வதற்கு இது நல்ல விளக்கம்.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பது தனிக்கேள்வி. 2019இல் நியோடைமியம், ஹாஃப்னியம் ஐசோடோப்புகளை உலகெங்கும் ஒப்பிட்டபோது, 200 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு கண்டங்களில் வெடித்த பல கிம்பர்லைட்டுகள் ஒரே சீரான மூலத்தின் வளர்ச்சிக் கோட்டில் அமைந்ததும், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் சீர்மை கலைந்ததும் தெரியவந்தன. கவசம் ஓயாமல் கலக்கப்படுகிறது என்றால், கலங்காமல் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த பகுதி எது? பசால்ட்டுகளை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது என்று நினைக்கிறேன்.

தென்மேடு:

இந்தியாவின் தார்வார், பஸ்தர் கிராட்டன்களை இங்கே கொண்டுவர விரும்புகிறேன். ஏனெனில் ஆழ்துளையின் ஐயத்துக்கும் பாறைவாசகனின் கேள்விக்கும் அவை நேரடியாகப் பொருந்துகின்றன.

ஆந்திரத்தின் அனந்தபூர் பகுதியிலுள்ள வஜ்ரகரூர் கிம்பர்லைட்டுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவற்றில் வந்த கார்னெட்டுகள் அக்காலத் தார்வார் கற்கோளம் தடிமனாக, வைரம் நிலைத்திருக்கும் ஆழம்வரை நீண்டிருந்ததைக் காட்டுகின்றன. 2007இல் நில அதிர்வு அலைகளை வைத்து வெளியான ஓர் ஆய்வோ, இன்றைய இந்தியக் கற்கோளம் 100 கிலோமீட்டர் அளவே உள்ளது, இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அடங்கியிருந்த கோண்டுவானா பெருங்கண்டம் உடைந்தபோது வேர் இழக்கப்பட்டதாலேயே இந்தியா அவ்வளவு விரைவாக வடக்கே நகர்ந்தது என்றது. வேறு அலைமுறைகளைப் பயன்படுத்தியோர் இதைவிடத் தடிமனான வேரைக் காட்டியுள்ளனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

இங்கேதான் இளைய ஊடுருவல்களின் அருமை தெரிகிறது. வஜ்ரகரூர் வட்டாரத்திலேயே திம்மசமுத்திரத்தில் ஒரு பகுதிக்குப் பெராவ்ஸ்கைட் தரும் வயது சுமார் 9 கோடி ஆண்டுகள்; மடகாஸ்கர் இந்தியாவைப் பிரிந்த காலம் அது. சத்தீஸ்கரின் மைன்பூர் வட்டாரத்தில் கிம்பர்லைட்டின் நெருங்கிய உறவான ஆரஞ்சைட் பாறைகள் சுமார் 6.5 கோடி ஆண்டுகள் வயதானவை, அதாவது தக்காணப் பசால்ட்டுகள் பெருகிய அதே காலத்தவை. அவற்றுள் பெஹ்ராடி குழாயில் வைரம் உண்டு. வைரம் இருக்கிறது என்றாலே, குறைந்தபட்சம் பஸ்தரின் அடியில், ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்குக் குறையாத குளிர்ந்த வேர் அந்நாள்வரை எஞ்சியிருந்தது என்றுதான் கொள்ளவேண்டும். வேர் இழப்பு நடந்தது உண்மையானால், பஸ்தரில் அது கோண்டுவானா உடைவோடு முடிந்துவிடவில்லை. 2007ஆம் ஆண்டு விளக்கத்தை அப்படியே ஏற்பதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான்.

ஆழ்துளை:

மைன்பூர்ச் சான்று வலுவானது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தும் பழக்கத்தைக் கண்டிக்கவேண்டும். வைரம் இருந்தால் தடிமனான வேர் இருந்தது எனலாம். வைரம் இல்லை என்பதால் வேர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேர் மெலிந்திருக்கலாம், அல்லது குழம்பு வைர மண்டலத்தை ஒட்டிச் செல்லாமல் வேறு வழியாக வந்திருக்கலாம், அல்லது வழியிலேயே ஆக்சிஜனேற்றத்தால் வைரம் கரைந்திருக்கலாம். மூன்றாவதற்கு நேரடிச் சான்று உண்டு: பல சுரங்கங்களின் வைரங்கள் எண்முகப் படிகமாக இல்லாமல் விளிம்புகள் உருண்டு, முகங்களில் முக்கோணக் குழிகளோடு கிடைக்கின்றன, இது கரைதலின் தடம்.

எனவே பாறைவாசகன் கேட்ட "வைரமே இல்லாத" குழாயில் முதலில் பார்க்கவேண்டியது கார்னெட்டைத்தான். கால்சியம் குறைந்து குரோமியம் மிகுந்த பைரோப் கிடைத்தால், அந்தக் குழம்பு வைரம் விளையும் வேர்ப்பாறையைத் தொட்டுத்தான் வந்திருக்கிறது. வைரம் கரைந்திருக்கிறது அல்லது ஏறாமல் விடுபட்டிருக்கிறது. அத்தகைய பைரோப் இல்லாமல், இருக்கும் கார்னெட்டுகளும் ஆழம் குறைந்த, சூடான நிலையையே காட்டினால், வேரே இல்லை என்ற பேச்சுக்கு இடமுண்டு. திம்மசமுத்திரத்தின் 9 கோடி ஆண்டுப் பாறையிலிருந்து அழுத்தமும் வெப்பநிலையும் நம்பகமாகக் கணிக்கக்கூடிய கவசத் துண்டுகள் போதிய எண்ணிக்கையில் சேருமானால், அருகிலேயே உள்ள 110 கோடி ஆண்டுக் குழாய்களின் கோட்டோடு ஒப்பிட்டு, தார்வாரின் வேர் மடகாஸ்கர் பிரிவதற்குள் குறைந்துவிட்டதா என்று நேரடியாகச் சொல்லலாம். அதில் ஒரு வைரமும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்குக்குக் குறையேதும் வராது.